பிகாஸோ சினிமாவுக்குப் போனார், சரி. அப்புறம்?

நவீன ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வசனம் நிச்சயம் வரும். கேமரா வந்தது, ஓவியர்களின் பிழைப்பு போனது, அதனால்தான் மூக்கை ஒரு பக்கமும் கண்ணை ஒரு பக்கமும் வைத்து வரைய ஆரம்பித்தார்கள் என்பது ஒன்று. இதை விட்டுவிடலாம். போட்டோ உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல், அப்படி உடைத்து வரைகிற கியூபிசம் தலைகாட்டியது 1907, 1908 வாக்கில். பிழைப்பு போனவன் கோபித்துக்கொள்ள கிட்டத்தட்ட எழுபது வருஷம் காத்திருக்க மாட்டான். இன்னொரு வசனம் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது: பிகாஸோ சினிமா பார்த்தார், அதிலிருந்துதான் கியூபிசம் பிறந்தது. இதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிறவர்கள் கைகாட்டுகிற இடத்தில் இல்லை.

இந்தப் பேச்சு பரவியதில் ஒரு டாக்குமென்டரிக்குப் பங்கு உண்டு. ‘பிகாஸோ அண்ட் பிராக் கோ டு த மூவிஸ்’ என்று பெயர், 2008-ல் வந்தது, ஓடுகிற நேரம் ஏறக்குறைய ஒரு மணி. இயக்கியவர் ஆர்னி கிளிம்ச்சர், நியூயார்க்கில் பேஸ் கேலரியை வைத்திருப்பவர். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி தயாரிப்பில் கைகொடுத்து, கதை சொல்லும் குரலையும் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் பெர்னிஸ் ரோஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் அதே கேலரியில் வைத்த கண்காட்சிதான் படத்துக்கு விதை. பழைய மௌனப் படத் துண்டு, அதற்கடுத்து ஒரு கியூபிச ஓவியம், அதற்கடுத்து சக் க்ளோஸ், ஜூலியன் ஷ்னாபெல் மாதிரி ஓவியர்கள் பேசுவது என்று போகும். பார்க்கச் சுவாரசியமான படம், சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது பிகாஸோவின் தூரிகைக்குப் பின்னால் ஒரு புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது என்றே தோன்றிவிடும். அப்படித் தோன்றுவதில் எவ்வளவு சரி, எவ்வளவு படத்தின் வித்தை என்று பிரித்துப் பார்க்க, ஓவியமும் சினிமாவும் நேரத்தையும் இடத்தையும் எப்படிக் கையாளுகின்றன என்பது தெரிந்தால் போதும். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு ரன் அவுட்

தேர்டு அம்பயரிடம் ஒரு ரன் அவுட் போகிறது. அவர் இரண்டு காரியம் செய்வார். முதலில், பக்கவாட்டில் இருக்கும் ஒரே கேமராவின் படத்தை எடுத்து ஒவ்வொன்றாக நகர்த்துவார்: மட்டை காற்றில் இருக்கிறது, மட்டை கோட்டைத் தொடுகிறது, பெயில்ஸ் கிளம்புகிறது. இங்கே பார்க்கிற இடம் மாறவில்லை, நேரம்தான் மாறுகிறது. அது போதாவிட்டால், ‘வேற ஆங்கிள் இருக்கா?’ என்று கேட்பார். எதிர்ப்பக்கக் கேமரா, ஸ்டம்ப் கேமரா, மேலே தொங்குகிற கேமரா. இங்கே நேரம் அதேதான், பார்க்கிற இடம் மாறுகிறது.

இப்போது அம்பயர் பார்த்ததை எல்லாம் ஒரே தாளில், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். முதல் வகைப் படங்களை அச்சடித்தால், ஓடுகிற பேட்ஸ்மேனுக்குப் பத்துப் பன்னிரண்டு கால் முளைத்து, மட்டை விசிறி மாதிரி விரிந்து, ஆள் இடமிருந்து வலமாகப் பூசிவிட்ட மாதிரி இருப்பார். இரண்டாவது வகையை அச்சடித்தால் பேட்ஸ்மேன் ஓடவே மாட்டார். ஆனால் அவருடைய முதுகும் முகமும் ஹெல்மெட்டின் உச்சியும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

முதல் தாள் கிட்டத்தட்ட ஃபியூச்சரிசம், வேகத்தைக் கொண்டாடிய இத்தாலிய ஓவிய பாணி. இரண்டாவது தாள் கிட்டத்தட்ட கியூபிசம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் ‘சினிமாவிலிருந்து நவீன ஓவியம்’ என்ற பேச்சின் பாதித் தப்பு இருக்கிறது.

ஓவியர்கள் எதை உடைத்தார்கள்

பெர்ஸ்பெக்டிவ் என்றால், தூரத்தில் இருப்பது சிறிதாகவும் இணையான கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது போலவும் வரைகிற முறை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இதைக் கணக்காக்கினார்கள். தண்டவாளம் தொடுவானத்தில் ஒன்று சேர்வதைப் பள்ளி ஓவிய வகுப்பில் எல்லோரும் ஒரு தடவையாவது வரைந்திருப்போம், அதேதான். இந்த முறைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பார்க்கிறவருக்கு ஒரு கண், அவர் நிற்பது ஒரு இடம், பார்ப்பது ஒரு நொடி. போட்டோ கேமராவும் இதே நிபந்தனைதான், ஒரு லென்ஸ், ஒரு இடம், ஒரு கிளிக்.

ஆனால் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்புகிறோம், எழுந்து போய்ப் பார்க்கிறோம், மேஜை மேல் இருக்கும் செம்பின் வாய் வட்டம் என்று தெரிந்தும் எதிரிலிருந்து பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிவதைச் சட்டை செய்வதில்லை. பால் செசான் தன் ஆப்பிள்களையும் கூடைகளையும் மேஜைகளையும் வரைந்தபோது இந்தச் சிக்கலைத்தான் நோண்டினார். ஒரே படத்தில் கூடை ஒரு உயரத்திலிருந்தும் மேஜை விளிம்பு வேறு உயரத்திலிருந்தும் பார்த்த மாதிரி இருக்கும். அவர் 1906-ல் இறந்தார், அடுத்த வருஷம் பாரிஸில் அவருடைய படங்களை மொத்தமாக வைத்துப் பெரிய கண்காட்சி நடந்தது. இளம் ஓவியர்கள் பலரைப் புரட்டிப்போட்ட கண்காட்சி அது. பிகாஸோவின் கூட்டாளியான ஓவியர் ஜார்ஜ் பிராக் 1908-ல் செசான் வேலை செய்த லெஸ்தாக் என்ற ஊருக்கே போய் வீடுகளையும் மரங்களையும் வரைந்து கொண்டுவந்தார். அவற்றைப் பார்த்த லூயி வோசெல் என்ற விமர்சகர், எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று எழுதினார். கியூபிசம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான்.

கியூபிசம் என்றால், ஒரு பொருளை ஒரே கோணத்திலிருந்து காட்டாமல், அதைத் தட்டைத் துண்டுகளாக உடைத்து, வெவ்வேறு கோணங்களிலிருந்து தெரிவதை ஒரே படத்தில் அடுக்குவது. இது பாடப்புத்தகச் சுருக்கம். பிகாஸோவும் பிராக்கும் தேர்டு அம்பயர் மாதிரி எல்லாப் பக்கத்தையும் கணக்கெடுத்துச் சரிபார்த்து வரையவில்லை, பொருளின் ஓரத்தைத் திறந்துவிட்டுப் பின்னணியை உள்ளே வழியவிடுவதில்தான் அவர்களுக்கு ருசி அதிகம். தொடங்குகிறவருக்கு இப்போதைக்கு அந்தச் சுருக்கமே போதும்.

இன்னொன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கியூபிஸ்டுகள் எதை வரைந்தார்கள்? கிதார், பாட்டில், புகைபிடிக்கும் குழாய், பழத்தட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். 1910-ல் பிகாஸோ வரைந்த வொல்லார், கான்வைலர் படங்களில் இரண்டு பேருமே ஓவிய வியாபாரிகள், இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சினிமா பார்த்து மயங்கிய ஓவியர்கள் என்றால் ஓடுகிற ரயிலை அல்லவா வரைந்திருக்க வேண்டும்?

குதிரையில் தொடங்கிய கதை

அசைவை வரைந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு வழிகாட்டியது சினிமாவுக்கும் முந்தின ஒரு சமாச்சாரம்.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-ல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களை பின்னாலும் நீட்டிக்கொண்டு, வயிறு தரையை உரசுகிற மாதிரிப் பறக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் பாயும் குதிரையை அப்படித்தான் வரைந்தார்கள். கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த யாராலும் முடியாது, அவ்வளவு வேகம்.

கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்வே முதலாளியுமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்குக் குதிரைப் பித்து. அவர் செலவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில், ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, பாதையின் குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஓட ஓட நூல் அறுந்து ஒவ்வொரு கேமராவும் ஒரு படம் எடுத்தது. குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் கால்கள் விரிந்திருக்கும்போது அல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கும்போது. நூற்றாண்டுக்கணக்கில் வரைந்து வந்த பாய்ச்சல் பொய். ஓவியர் டெகா இந்தப் படங்களைப் பார்த்துத் தன் குதிரைகளைத் திருத்திக்கொண்டார். சிற்பி ரோடான் மட்டும் மசியவில்லை. பொய் சொல்வது போட்டோதான், ஏனென்றால் நிஜத்தில் நேரம் ஒரு நொடிகூட நிற்பதில்லை என்று வாதாடினார். அது வெறும் வீம்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தவர் பாரிஸைச் சேர்ந்த எத்தியேன் ஜூல் மாரே. இவர் கலைஞர் இல்லை, உடலியல் ஆராய்ச்சியாளர். பறவை எப்படிச் சிறகடிக்கிறது, மனிதன் எப்படிக் கால் எடுத்து வைக்கிறான் என்பதை அளக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் தேவை. 1882-ல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார், விசையை அழுத்தினால் வினாடிக்கு 12 படம். அப்புறம் ஒரு படி மேலே போய், தனித்தனிப் படமாக இல்லாமல் ஒரே தட்டில் எல்லா நிலைகளையும் பதிய வைத்தார். இதற்குத்தான் குரோனோஃபோட்டோகிராஃபி என்று பெயர்: ஒரு அசைவைச் சம இடைவெளி நேரங்களில் அடுத்தடுத்துப் படமெடுப்பது. ஒரே தட்டில் உடம்பு முழுவதும் பதிந்தால் படம் குழம்பிப் போகிறதே என்று, ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைக் கோடும் மூட்டுகளில் வெள்ளைப் புள்ளியும் வைத்து, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டார். தட்டில் ஆள் மறைந்துபோய், கோடுகளின் ஒரு அலை மட்டும் நின்றது. இன்றைய சினிமாவில் நடிகர் உடம்பில் புள்ளி ஒட்டி மோஷன் கேப்சர் எடுக்கிறார்களே, அதன் மூதாதை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பெர்ஸ்பெக்டிவ் ஒரு இடம், ஒரு நொடி. மாரேயின் தட்டு ஒரு இடம், பல நொடிகள். கியூபிசம் பல இடங்கள், நொடியைப் பற்றி அதற்கு அவ்வளவு கவலை இல்லை.

சினிமா எப்படி ஓடுகிறது

மாரே அசைவைத் துண்டு போட்டார். அந்தத் துண்டுகளைத் திரும்ப ஒட்டிக் காட்டியது சினிமா.

1894-ல் எடிசனின் கினெட்டோஸ்கோப் நியூயார்க்கில் கடை விரித்தது, பெட்டிக்குள் ஒரு ஆள் மட்டும் எட்டிப் பார்க்கலாம். லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் காசு வாங்கிக்கொண்டு திரையில் காட்டினார்கள். டிக்கெட் ஒரு பிராங்க், பத்துக் குட்டிப் படங்கள், ஒவ்வொன்றும் ஐம்பது வினாடிக்குள். அவர்களுடைய கருவியின் முக்கியமான சூட்சுமம், ஃபிலிம் ஒரே சீராக ஓடுவதில்லை என்பது. ஒரு கொக்கி ஃபிலிமை ஒரு ஃபிரேம் இழுக்கும், நிறுத்தும், இழுக்கும், நிறுத்தும். ஃபிரேம் என்பது ஃபிலிமில் இருக்கும் ஒற்றைப் படம். இழுக்கிற நேரத்தில் ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும். இந்த இழுத்து நிறுத்தும் யோசனை லூயி லூமியருக்குத் தையல் மெஷின் துணியை நகர்த்துவதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். வினாடிக்கு சுமார் 16 ஃபிரேம், அப்படியானால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 800.

ஆக திரையில் அசைவே இல்லை. நின்ற படம், இருட்டு, நின்ற படம், இருட்டு. அசைவு நம் தலைக்குள் நடக்கிறது. பார்த்த படம் கண்ணில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் சினிமா அசைகிறது என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் காரணமென்றால் மாரேயின் தட்டு மாதிரி குழம்பல்தான் தெரிய வேண்டும். அடுத்தடுத்த நிலைகளை இணைத்து ‘நகர்ந்தது’ என்று முடிவு செய்வது மூளை. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இது பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது 1912-ல். ஓவியத்திலும் அதே வருஷம்தான் முக்கியமானது, அங்கேதான் போகிறோம்.

அசைவை நேராக எடுத்துக்கொண்டவர்கள்

மார்செல் டூஷாம்ப் 1912-ல் வரைந்த ‘மாடிப்படி இறங்கும் நிர்வாண உருவம், எண் 2’ இப்போது ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் ஒரு உருவம், இருபது முப்பது மரச்சிராய் மாதிரி உடைந்து, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். இடுப்புப் பக்கத்தில் புள்ளி வரிசைகூட உண்டு. மாரேயின் படங்களிலிருந்து இந்த யோசனை வந்ததாக டூஷாம்ப் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். ஓவியரே ஒப்புக்கொண்ட தொடர்பு, இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இதைவிட ருசியான விஷயம், இந்தப் படத்தைப் பாரிஸ் கண்காட்சியிலிருந்து எடுக்கவைத்தவர்கள் கியூபிஸ்டுகளே. பழமைவாதிகள் இல்லை, நவீன ஓவியர்கள். அவர்களுக்கு அது ரொம்ப ஃபியூச்சரிசமாகத் தெரிந்தது, தலைப்பையாவது மாற்றச் சொல்லுங்கள் என்று டூஷாம்பின் அண்ணன்மார் மூலமாகவே சொல்லியனுப்பினார்கள். டூஷாம்ப் பேசாமல் போய்ப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் ஆர்மரி ஷோ என்ற நவீனக் கலைக் கண்காட்சியில் அது வெடித்தது, பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுத் தள்ளின. மாடிப்படி இறங்குகிற உருவத்தை ‘இது நம் வழி இல்லை’ என்று கியூபிஸ்டுகளே ஒதுக்கினார்கள் என்றால், கியூபிசம் அசைவைப் பற்றியது அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஃபியூச்சரிசம் என்பது வேகம், இயந்திரம், நகரம் ஆகியவற்றைக் கொண்டாடிய இத்தாலிய இயக்கம். கவிஞர் மரினெட்டி 1909 பிப்ரவரியில் பாரிஸின் ஃபிகாரோ பத்திரிகையில் அதன் பிரகடனத்தை வெளியிட்டார். மறுவருஷம் ஃபியூச்சரிஸ்ட் ஓவியர்கள் தங்கள் பிரகடனத்தில், ஓடுகிற குதிரைக்கு நான்கு கால் இல்லை, இருபது என்று எழுதினார்கள். ஜியாகோமோ பல்லா 1912-ல் சங்கிலியில் கட்டிய ஒரு குட்டை நாயை வரைந்தார். நாயின் கால்கள் எண்ண முடியாத கொத்து, வால் ஒரு விசிறி, கூடப் போகிற அம்மாளின் காலணிகளும் அப்படியே, சங்கிலி நாலைந்து வளைவாக ஆடுகிறது. இந்தப் படத்தைச் சிரிக்காமல் பார்க்க முடியாது, சிரிப்பதில் தப்பும் இல்லை. நம் ரன் அவுட்டின் முதல் தாள் இதுதான்.

ஆனால் அதே இயக்கத்தின் பொச்சியோனிக்கு இந்தச் சினிமாத்தனம் பிடிக்கவில்லை. அசைவைத் துண்டு துண்டாக அடுக்குவது வேகத்தைக் காட்டுவதாகாது, அதை எண்ணிக் காட்டுவதுதான் என்பது அவர் கட்சி. புரகாலியா என்ற இளைஞர் ஓவியத்துக்குப் பதில் போட்டோவிலேயே அசைவின் தீற்றலைப் பிடித்தபோது, 1913-ல் பொச்சியோனியும் சகாக்களும் இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பத்திரிகையில் அறிக்கையே விட்டார்கள். அப்படியானால் தாக்கம் என்பது எப்போதும் ‘பார்த்தான், பிடித்தது, வரைந்தான்’ என்று போவதில்லை. சில சமயம் எதையோ பார்த்து, அது மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஓடுவதும் தாக்கம்தான்.

1907-ல் திரையில் என்ன இருந்தது

இங்கேதான் டாக்குமென்டரியோடு எனக்குச் சண்டை.

சினிமா என்றதும் நம் மனதில் வருவது குளோசப், லாங் ஷாட், எதிர் ஷாட், சட்டென்று வெட்டி வேறு கோணம். பிகாஸோ அதைத்தான் கித்தானில் செய்தார் என்று சொல்லும்போது பொருத்தமாக இருக்கிறது. ஆனால் பிகாஸோ ‘அவின்யோன் பெண்கள்’ வரைந்த 1907-ல் திரையில் ஓடியது அந்தச் சினிமா இல்லை. முக்காலியில் ஒரு கேமரா, எதிரே நடிகர்கள், நாடகக் கொட்டகையின் நடு இருக்கையிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரே கோணம், காட்சி முடிகிற வரை அசையாது. ஒரே காட்சிக்குள் கோணம் கோணமாக வெட்டுவது வழக்கமானது அதற்கப்புறம். அதாவது ஆரம்ப கால சினிமாவும் ஒரு இடம், பல நொடிகள்தான். அது பல்லாவின் நாய்க்குட்டிக்கு உறவு, பிகாஸோவின் கிதாருக்கு இல்லை. பல கோணங்களை ஒரு சட்டத்துக்குள் கொண்டுவருவதில் ஓவியம் சினிமாவுக்கு முன்னாலேயே போய் நின்றது என்றுகூடச் சொல்லலாம்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1896-லேயே லூமியர் கம்பெனியின் ப்ரோமியோ வெனிஸில் படகில் கேமராவை வைத்துக் கரையோர மாளிகைகளை எடுத்தார், பார்க்கிற இடமே நகர்ந்தது. ரயிலின் முகப்பில் கேமராவைக் கட்டி எடுத்த படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. 1900-ல் இங்கிலாந்தில் ஜி. ஏ. ஸ்மித் ஒரு பையன் பாட்டியின் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பதை எல்லாம் வட்டத்துக்குள் பெரிதாகக் காட்டினார், அதில் பாட்டியின் கண்ணும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஜார்ஜ் மெலியே. மேஜிக்காரர். கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, திரும்ப ஓட்டினால் ஒரு பெண் எலும்புக்கூடாகிவிடுவாள். 1898-ல் எடுத்த ஒரு படத்தில் தன் தலையையே கழற்றி மேஜையில் வைக்கிறார், கழுத்தில் புதுத் தலை முளைக்கிறது, அதையும் கழற்றி வைக்கிறார். மேஜையில் தலைகள் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன.

இதைப் பார்த்து வளர்ந்த கண், உடம்பை ஒரே துண்டாகத்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுபட்டிருக்கும். பொருள் நிலையானது, இடம் நம்பகமானது என்ற பிடிப்பு தளர்ந்திருக்கும். அந்தக் கோணத்தை மட்டும் பேசியிருந்தால் டாக்குமென்டரியோடு எனக்குச் சண்டையே இல்லை.

அப்படியானால் பிகாஸோ?

தாக்கம் என்று சொல்லும்போது சாட்சியத்தை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஓவியரே சொன்னது முதல் தரம், டூஷாம்புக்கு அது இருக்கிறது. பார்க்க வாய்ப்பிருந்தது, காலமும் இடமும் ஒத்துப்போகிறது என்பது இரண்டாவது. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது என்பது மூன்றாவது, அதுதான் இருப்பதிலேயே பலவீனம், ஆனால் கண்ணுக்கு அதுதான் பலமாகத் தெரியும்.

பிகாஸோவுக்கு இரண்டாவது தரம் தாராளமாக இருக்கிறது. பாரிஸுக்கு முதன்முதலில் வந்தது 1900-ல், பத்தொன்பது வயதில், லூமியர் சகோதரர்கள் ராட்சதத் திரை கட்டிப் படம் காட்டிய உலகக் கண்காட்சி நடந்த வருஷம். அப்புறம் பாரிஸின் மோன்மார்த் பகுதியில் குடியிருந்தார். 1909-லிருந்து 1912 வரை அவருடைய வீடு கிளிஷி பூல்வார் என்ற சாலையில், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் 1911-ல் கோமோன் பாலஸ் என்ற பிரம்மாண்டமான சினிமாக் கொட்டகை திறந்தது. அவருடைய நண்பர்களான கவிஞர்கள் அப்போலினேரும் மாக்ஸ் ஜாக்கோபும் மலிவுத் துப்பறியும் கதைகளுக்கும் சினிமாவுக்கும் அடிமைகள். பிகாஸோவும் பிராக்கும் புது யுகத்துச் சாமான்கள் மேல் எவ்வளவு மோகம் கொண்டவர்கள் என்றால், விமானம் விட்ட வில்பர் ரைட்டின் பெயரை வைத்து பிகாஸோ பிராக்கை ‘வில்பர்’ என்றே கூப்பிடுவார். இப்படிப்பட்டவர்கள் சினிமா பார்க்காமல் இருந்தார்கள் என்று சொன்னால்தான் நம்ப முடியாது.

ஆனால் அதே ஆட்கள் வேறு என்னென்ன பார்த்தார்கள்? செசானைச் சொல்லியாயிற்று. 1907-ல் பிகாஸோ பாரிஸின் ட்ரொகாதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து ஆடிப்போனார், அதற்கு முன்பே ஸ்பெயினின் பழைய ஐபீரியச் சிலைகளின் முகங்கள் அவர் படங்களில் நுழைந்துவிட்டன. ‘அவின்யோன் பெண்க’ளில் வலப்பக்கம் இருக்கும் இரண்டு முகங்களுக்குச் சினிமாவில் வேர் தேடுவதைவிட முகமூடியில் தேடுவது எவ்வளவோ சுலபம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதும் லூமியர் படம் காட்டியதும் ஒரே 1895-ன் கடைசி இரண்டு மாதங்களில். உடம்பின் உள்ளும் புறமும் ஒரே தட்டில் தெரிந்த காலம் அது. இத்தனைக்கும் நடுவில் சினிமாவை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்து ‘இதுதான் காரணம்’ என்றால், சாம்பாரில் புளியை மட்டும் காட்டி இதுதான் சாம்பார் என்கிற கதை.

டாக்குமென்டரி செய்கிற வித்தை

ஒரு நடனக்காரி நீளமான பட்டுப் பாவாடையைச் சுழற்றுகிறாள், துணி விசிறி விசிறியாக விரிகிறது. லோயி ஃபுல்லர் என்ற அமெரிக்கக் கலைஞர் பிரபலப்படுத்திய நடனம், ஆரம்ப கால சினிமாக்காரர்கள் ஆளாளுக்கு அதைப் படமெடுத்தார்கள். இப்படி ஒரு துண்டைக் காட்டிவிட்டு அடுத்த நொடி விசிறி மடிப்பு மாதிரித் தளங்கள் கொண்ட கியூபிச ஓவியத்தைக் காட்டினால் என்ன ஆகும்? நம் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். தனித்தனி ஃபிரேம்களை ஓட்டமாக இணைக்கிற அதே மூளைதான், தனித்தனி ஷாட்டுகளைக் காரண காரியமாகவும் இணைக்கிறது. இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது அர்த்தத்தை வரவைப்பதற்கு மோன்டாஜ் என்று பெயர். சினிமாவின் தாக்கத்தை நிரூபிக்க வந்த படம், நிரூபிப்பதற்குச் சினிமாவின் வித்தையையே பயன்படுத்துகிறது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அது சாட்சியம் ஆகாது.

நிறத்தைப் பற்றிய வாதமும் அப்படித்தான். 1910 வாக்கில் பிகாஸோவும் பிராக்கும் பழுப்பும் சாம்பலுமாக வரைந்தார்கள், சினிமாவும் கறுப்பு வெள்ளை, ஆகவே தொடர்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன பாவாடை நடனப் படங்களே ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வர்ணம் தீட்டிக் காட்டப்பட்டவை, மெலியேவின் படங்களுக்கும் வர்ணப் பிரதிகள் இருந்தன. அந்தக் காலப் பாரிஸ்காரர் பார்த்த சினிமா, நாம் நினைக்கிற அளவுக்குக் கறுப்பு வெள்ளை இல்லை. ஓவியர்கள் நிறத்தைக் குறைத்ததற்கு இன்னும் நேரான விளக்கம் இருக்கிறது, வடிவத்தை இவ்வளவு உடைக்கும்போது நிறமும் சேர்ந்து கூச்சல் போட்டால் படம் படிக்க முடியாமல் போய்விடும்.

இந்த இரண்டு பகுதிகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: டூஷாம்பும் பல்லாவும் அசைவுப் படங்களிலிருந்து நேராகக் கடன் வாங்கினார்கள், அதுவும் சினிமாவிடமிருந்து என்பதைவிட மாரேயின் ஆய்வுக்கூடத்திலிருந்து. பிகாஸோவுக்கும் பிராக்குக்கும் சினிமா, உடம்பையும் இடத்தையும் கலைத்துப் போடலாம் என்ற துணிச்சலைக் கொடுத்த பல விஷயங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். கியூபிசத்தின் பல கோணப் பார்வையை அது கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அப்போது அதனிடமே அது பெரிதாக இல்லை.

கடன் திரும்பிய விதம்

எல்லோரும் சினிமாவிலிருந்து ஓவியத்துக்கு மட்டும்தான் அம்புக்குறி போடுகிறார்கள். ஃபெர்னான் லெஜே என்ற கியூபிஸ்ட் அந்த அம்பைத் திருப்பிப் போட்டவர். முதல் உலகப் போரில் முன்னணியில் இருந்தவர், விடுப்பில் வந்தபோது சாப்ளின் படத்தைப் பார்த்து மயங்கினார். 1924-ல் டட்லி மர்ஃபியோடு சேர்ந்து ‘பாலே மெக்கானிக்’ என்ற குட்டிப் படத்தை எடுத்தார். கதை கிடையாது. உதடுகள் சிரிக்கின்றன, சிரிப்பை நிறுத்துகின்றன. பாத்திரம் பண்டங்களும் இயந்திர பாகங்களும் ஆடுகின்றன. மூட்டை சுமந்த ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள், உச்சிக்கு வந்ததும் படம் வெட்டித் திரும்பக் கீழே போகிறது, திரும்ப ஏறுகிறாள், திரும்ப, திரும்ப. கியூபிச பாணியில் வெட்டி ஒட்டிய ஒரு சாப்ளின் பொம்மையும் வருகிறது. டூஷாம்பின் உருவம் ஒரே படத்தில் இருபது தடவை படி இறங்கியது, லெஜேயின் பெண் இருபது தடவைக்குக் குறையாமல் ஏறுகிறாள், இந்த முறை நிஜமான ஃபிலிமில். லெஜேக்குச் சினிமாவில் பிடித்தது அசைவைவிடக் குளோசப். ஒரு குண்டானையோ ஒரு நகத்தையோ நூறு மடங்கு பெரிதாக்கித் தனியே நிறுத்தினால் அது வேறு பொருளாகிவிடுகிறது என்பது அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அவருடைய அதற்கடுத்த ஓவியங்களில் சாவிக்கொத்தும் பால்பேரிங்கும் வானத்தில் மிதக்கிற அளவுக்குப் பெரிதாகத் தனியே நிற்பதைப் பார்த்தால், இங்கே மூன்று தரச் சாட்சியமும் ஒன்றாக அமைந்திருப்பது தெரியும்.

டாக்குமென்டரியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. முதலில் லூமியர் படங்கள் ஐந்தாறும் மெலியேவின் தலை கழற்றும் படமும் பார்த்துவிடுங்கள். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகாது. கேமரா எத்தனை முறை இடம் மாறுகிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் டாக்குமென்டரியைப் போட்டு, ஒரு படத் துண்டுக்கு அடுத்து ஒரு ஓவியம் வரும் ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிறுத்தி, இது எந்தத் தரச் சாட்சியம் என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஒரு மணி நேரப் படம் இரண்டரை மணி நேரம் ஆகும். ஸ்கோர்செஸியின் குரலுக்காக அவ்வளவு நேரம் கொடுக்கலாம்.